சத்தமில்லாத பிக்கப்

ஸல்ஹாவுக்குத் தொய்வு, மூச்சிழுப்பு நோய். பெற்றோல் புகை பட்டாலே மூச்சு முட்டும். அவளுடைய கணவர் ஜவாஹிரின் பழைய பிக்கப் புகையைக் கக்கிக்கொண்டுதான் ஓடும், பஸ்ஸும் அப்படித்தான். அதனால் சீனன்குடாவில் இருந்த அவள், குறிஞ்சாக்கேணியில் இருக்கும் உடன்பிறந்த ராத்தா றம்ஸியாவைப் பார்த்து நாலு வருடமாகிவிட்டது.

எழுபத்துநாலில் பெற்றோல் விலை ஏறியதும் பிக்கப் முற்றத்தில் முடங்கியது. அந்த மாதம் துறைமுகத்தில் கழித்த சாமான்களை ஏலம் விட்டார்கள். பற்றரியில் ஓடிய சரக்கு வண்டி ஒன்றின் மோட்டரை ஜவாஹிர் எடுத்து வந்தார்.

துறைமுகத்தில் மின்வேலை செய்யும் ஆனந்தராசா அதைப் புரட்டிப் பார்த்தான்.

"நானா, இதை வச்சு என்ன செய்யப் போறியள்?"

"பிக்கப்புட என்ஜினைக் கழட்டிப்போட்டு இதைப் பூட்டப் போறன்."

"சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் தம்பி. ஸல்ஹா ஏறி இருப்பாதானே."

ஆனந்தராசா ஞாயிற்றுக்கிழமையே நட்டுக் கழட்டும் சாவிப்பெட்டியோடு வந்து நின்றான்.

ஐந்து மாதம் போனது. மோட்டரையும் கியர்பெட்டியையும் இணைத்த இரும்பு இரண்டு தரம் முறிந்தது. பின்தட்டில் பன்னிரண்டு லொறி பற்றரிகள் ஏறின. ஒரு நாள் காலை பிக்கப் அசைந்தது. சத்தமே இல்லை. முற்றத்துக் கோழிகள்கூட விலகவில்லை.

அடுத்த வெள்ளி, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஸல்ஹா ஏறி உட்கார்ந்தாள். முதல் கொஞ்ச தூரம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே இருந்தாள். பிறகு கையை எடுத்தாள்.

"உங்கட சத்தம் நல்லாக் கேக்குது," என்றாள்.

முன்பெல்லாம் அந்த வண்டியில் கத்தினால்தான் பேச்சு. இப்போது அவள் மெல்லிய குரலில், கலியாணமான புதிதில் ஆசைப்பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஜவாஹிர் வேகத்தைக் குறைத்தே ஓட்டினார்.

வாகனங்களை அக்கரை சேர்க்கும் மிதவையில் கிண்ணியாவுக்குக் கடந்தார்கள். இறங்கிக் கரை மேட்டில் ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. பற்றரி இறங்கிவிட்டது.

"நீ ஸ்டியரிங்கைப் புடி. நான் தள்றன்."

"எனக்கு ஏலாது!"

"நேரே பாத்துப் புடி, புள்ள. அவ்வளவுதான்."

மிதவையில் வந்த நாலைந்து பேரும் தோள் கொடுத்தார்கள். ஸல்ஹா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வண்டி மேடேறியதும் அவள் சிரித்த சிரிப்பு பின்னால் தள்ளியவர்களுக்கும் கேட்டது.

பக்கத்து அரிசி ஆலையில் வண்டியை விட்டு, பற்றரிகளுக்கு மின்சாரம் ஏற்றக் கொடுத்துவிட்டு, மாட்டுவண்டியில் போய்ச் சேர்ந்தார்கள். ராத்தாவும் தங்கையும் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸல்ஹா கேட்டாள்: "பற்றரி ஏற எவ்வளவு நேரம் புடிக்கும்?"

ஒரு ராப்பொழுது போதும் என்று ஜவாஹிருக்குத் தெரியும்.

"மூணு நாளாவது வேணும்," என்றார்.

றம்ஸியா உடனே பாய் விரிக்கப் போனாள்.