மாமாவின் கைக்கணக்கு

குளியலறைக்குள்ளிருந்து மாமா, "முப்பத்தி நாலுடா. அதுக்கு மேல ஏறல" என்று கத்தினார். பால்கனியில் வெந்நீர் மெஷின் முன்னால் நின்றிருந்த எனக்கு அதன் சின்னத் திரையில் நாற்பது என்று தெரிந்தது.

மாமா என் அக்காவின் கணவர். பதினாறு வருடமாக நாங்கள் இருவரும் ஹீட்டர் பழுது பார்க்கிறோம். தொட்டி இல்லாமல், குழாயைத் திறந்ததும் தண்ணீரைச் சுடவைத்து அனுப்புகிற வகை. தண்ணீர் வெளியேறும் இடத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும். சூட்டைப் பார்த்து, நெருப்பைக் கூட்டு, குறை என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். அது பொய் சொன்னால் திரையும் அதே பொய்யைத்தான் காட்டும். அதனால் மாமா திரையை நம்ப மாட்டார். குழாய்க்கடியில் வலது கையை நீட்டிக் கண்ணை மூடி எத்தனை டிகிரி என்று சொல்வார். ஒன்று கூடக்குறைய இருந்தால் அதிகம். கம்பெனி கொடுத்த தெர்மாமீட்டர் உறைகூடப் பிரிக்காமல் பெட்டிக்கு அடியில் கிடந்தது. "கை இருக்கிறவனுக்கு அது எதுக்குடா?" என்பார். எனக்கும் அதில் பெருமைதான். போகிற வீட்டிலெல்லாம் அந்தக் கைக்கு நானே விளம்பரம் செய்வேன்.

இந்த வீட்டில் இருபது நாள் குழந்தை ஒன்று இருந்தது. நான்கு நாளாக மெஷின் சென்சார் கோளாறு என்று காட்டி அணைந்துபோக, குழந்தையின் தாய் அடுப்பில் வெந்நீர் வைத்துச் சுமந்துகொண்டிருந்தாள். கழற்றிப் பார்த்தால் பழைய சென்சார் முழுக்க உப்புப் படிந்து கட்டியாக இருந்தது. புதியதைப் போட்டதும் கோளாறு மறைந்தது. வேலை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாமா கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் சரியில்ல" என்றார். இன்னொரு புதியதைப் போட்டோம். அதற்கும் இதே கதை.

ஒரே நாளில் இரண்டு புதுச் சென்சார் எப்படிக் கெடும் என்று மனசு உறுத்தியது. யானைக்கும் அடி சறுக்கும் என்று தோன்றியது. ஆனால் அவரிடம் போய் அதை எந்த வாயால் சொல்வது?

"அப்ப மெஷினுக்குள்ள இருக்கிற போர்டுதான் சூட்டக் கூட்டிக் காட்டுது. நாளைக்கு மாத்திக்கலாம். இப்போதைக்கு நீ மெஷின்ல எண்ண ஏத்து, நான் கைய வச்சுச் சொல்றேன்" என்றார்.

நாற்பத்தைந்து. ஐம்பது. "இன்னும் கொஞ்சம்." ஐம்பத்தைந்து.

"இப்ப சரி. பச்சப்புள்ள குளிக்கிற சூடு. அவங்கள வரச் சொல்லு."

நான்தான் போய்ச் சொன்னேன். அவள் குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குளியல் தொட்டியைக் குழாய்க்கு நேரே இழுத்து வைத்தாள். ஏதோ பழக்கத்தில் முதலில் விரலை நீட்டினாள்.

"ஐயோ! கொதிக்குது!"

அவள் துள்ளிப் பின்வாங்கியதில் குழந்தை வீறிட்டது. நான் உள்ளே ஓடினேன். மாமாவின் கை இன்னும் தண்ணீருக்கடியில்தான் இருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கன்றிச் சிவந்திருந்தது. அவர் அவளைப் பார்த்து ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றார். நான் குழாயை மூடினேன்.

"இந்தத் தண்ணியிலயா கைய வச்சுட்டு நிக்கிறீங்க?" என்றாள் அவள். அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

"எத்தன நாளா மாமா?"

"விரல் மரத்து ஆறு மாசம் இருக்கும். சக்கரையாம். உள்ளங்கை நல்லாத்தான் இருந்துச்சுடா. அத வச்சு ஓட்டிட்டு இருந்தேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினார். போன மாதம் ஒரு காலையில் அக்கா அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதைப் பார்த்து, "இருபது வருஷம் கழிச்சு இப்பத்தான் புதுமாப்பிள்ள ஆகியிருக்காரா?" என்று கேலி செய்திருந்தேன். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அதை நினைத்ததும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அவர்மேல் ஆத்திரமும் வந்தது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அவரைக் கடையில் உட்காரச் சொல்லியிருப்பேன். அதற்குத்தான் பயந்திருக்கிறார்.

எண்ணை முப்பத்தெட்டுக்கு இறக்கி, தெர்மாமீட்டரைப் பிரித்துக் குழாய்க்கடியில் பிடித்தேன். முப்பத்தெட்டு. முதலில் போட்ட சென்சாரும் நன்றாகத்தான் இருந்திருக்கும். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்து அவர் கையை இழுத்து அடியில் வைத்தேன். உள்ளங்கை ஓரத்தில் தோல் உப்ப ஆரம்பித்திருந்தது. உள்ளறையில் குழந்தையின் அழுகை இன்னும் ஓயவில்லை.

"தண்ணி சில்லுனு இருக்காடா?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் கையையும் அவர் கைக்குப் பக்கத்தில் நீட்டினேன். "இருக்கு மாமா."

"எவ்வளவு இருக்கும்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு கைகள் மேலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.