றிஷ்னாவின் மேசை

கரைத்தீவில் முபாரிஸ் தன் மகளுக்குச் செய்த மேசை, அவள் மௌத்தாகி அடக்கப்பட்ட வாரத்திலிருந்து வீட்டு மண் தரைக்குள் இறங்கத் தொடங்கியது. மாரியில் விரைவாகவும் கோடையில் மெதுவாகவும் இறங்கியது. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவருவதைப் பற்றிக் கதைப்பதுபோலவே ஊரார் இதைப் பற்றியும் கதைத்தார்கள்.

முபாரிஸ் தச்சனல்ல, உப்பளத்தில் வேலை செய்கிறவன். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த றிஷ்னா, பாயில் குனிந்திருந்து எழுதி முதுகு நோகிறது என்றாள். முற்றத்து வேம்பு காற்றுக்கு விழுந்து கிடந்தது. அதை ஆலையில் அறுப்பித்து, வாளையும் சீவுளியையும் இரவல் வாங்கி, உப்பளம் ஓய்ந்திருந்த மழை மாதங்களில் மேசையைத் தொடங்கினான். ஒரு கால் கட்டையாகிப் போனது. மற்றவற்றையும் அதன் அளவுக்கு வெட்டினான். "முழங்கால் இடிக்குது வாப்பா," என்று றிஷ்னா சிரித்தாள். எல்லாக் கால்களையும் கழற்றிப் புதிதாகச் செய்தான். இழுப்பறையாக ஒரு லாச்சி செய்து பூட்டுவதற்குள் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஜனாஸாவாகத்தான் கொண்டுவந்தார்கள். கத்தம் ஓதி, வந்தவர்களெல்லாம் போன பிறகு, முபாரிஸ் உட்கார்ந்து லாச்சியைப் பூட்டினான்.

மேசை இறங்குவதைக் கண்டதும் கால்களுக்கடியில் கருங்கல் வைத்தான். கல்தான் முதலில் போனது. மேசையைத் தோண்டி எடுத்துக் கால்களுக்கு மரத் துண்டு வைத்து நீட்டினான். துண்டும் உள்ளே போனது. மௌலவி வந்து ஓதினார். போகும்போது மேசையைத் தடவிப் பார்த்து, நல்ல மரம் என்றார்.

அடுத்த வீட்டு ஜபார்தான், "எங்கட வீட்டுல கொண்டாந்து வச்சுப் பாருங்க. ஷிம்லாவும் இந்த முறை சோதினை எழுதுறா," என்றான். அங்கே மேசை மயிரளவும் இறங்கவில்லை. ஜபாரின் மகள் ஷிம்லா அதில் படித்தாள், எழுதினாள், லாச்சியில் பேனைகளைப் போட்டாள். முபாரிஸ் வேலை முடிந்து வந்ததும் அங்கே போய் ஒரு கதிரையில் இருப்பான். ஒரு பின்னேரம் ஷிம்லா தலை நிமிராமல், "வாப்பா, கொஞ்சம் லைற்றைப் போடுங்க," என்றாள். ஜபார் எழும்புமுன் முபாரிஸ் எழுந்துவிட்டான். எழுந்தவன் சுவிச்சில் கையை வைத்தபடியே நின்றான். ஷிம்லா நிமிர்ந்து பார்த்து அழத் தொடங்கினாள்.

மறுநாள் மேசையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மனைவி மைமூனா வாசலை மறித்தாள்.

"அங்க நல்லாத்தானே நின்டது. இங்க வந்தா போயிருமே."

"ஓம், போயிரும்," என்றான். "எங்கட வீட்டுலயே போகட்டும்."

அவள் விலகி வழிவிட்டாள்.

அதன்பிறகு அவன் கல் வைக்கவில்லை, தோண்டவுமில்லை. மேசை தாழத் தாழ, பக்கத்தில் இருந்த முபாரிஸ் கதிரையை விட்டு முக்காலிக்கும், முக்காலியை விட்டுப் பாய்க்கும் இறங்கினான். லாச்சி மண்ணுக்குள் போன அன்று மைமூனாவும் வந்து அவனருகில் இருந்தாள். அடுத்த மாரியில் மேற்பலகையும் மறைந்து, மண் மூடிக்கொண்டது.

பிறகு தரைக்குச் சீமெந்து போட மேசன் றுமைஸ் வந்தான். அந்த இடத்தை மட்டும் நீள்சதுரமாக மண்ணாகவே விட்டு, சுற்றிவரப் பூசி முடித்தான். இப்போது அந்த வீட்டுக்கு வருகிறவர்கள், தொழுதுகொண்டிருப்பவருக்குக் குறுக்கே போகாததுபோல், அதைச் சுற்றித்தான் உள்ளே போகிறார்கள்.