விளக்கு வைக்கும் நேரம்

மடித்த துணிக்கு மேல் மடிக்காத துணியும், அதற்கு மேல் துவைத்ததா துவைக்காததா என்று மோந்து பார்த்தால்தான் தெரியும் என்கிற துணியுமாக அந்த பிளாஸ்டிக் நாற்காலி நிறைந்து வழிய, கோகிலவாணி அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவுகிறாள், கணவன் சென்னியப்பனின் சட்டை, மாமியார் பாவாத்தாளின் நூல் சேலை, பிறகு தன் நீலச் சீருடை, அதன் கையில் எத்தனை சோப்பு போட்டாலும் போகாத எண்ணெய்க் கறை, கறையைப் பார்த்ததும் கை தானாக நின்றுவிடுகிறது, எட்டு வருஷத்துக்கு முந்தைய ஈரோடு வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது, இதே வீடு, இதே நாற்காலி, ஏன், அடியில் கிடப்பது அதே துணியாகக்கூட இருக்கலாம், யார் கண்டது.

அப்போது அவள் சரக்கு ரயிலில் உதவி ஓட்டுநர், வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம், கல்யாணமாகி ஐந்து மாதம், அந்த வேலைக்கு மணியும் கிடையாது கிழமையும் கிடையாது, ஸ்டேஷனிலிருந்து போன் வரும், இரண்டு மணி நேரத்தில் போய் நிற்க வேண்டும், அதற்குப் பிறகு எங்கே இறங்குவோம், எப்போது திரும்புவோம் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம், இதற்குள் வீட்டு வேலையை அடக்கிவிடலாம் என்று அந்தப் பெண் நம்பினாளே, அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, திங்கள் குளியலறை, செவ்வாய் ஒட்டடை, புதன் துணி என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள், முதல் திங்கட்கிழமை விடியும்போதே போன் வந்தது, புதன்கிழமை மத்தியானம்தான் வீடு வந்து சேர்ந்தாள், சென்னியப்பன் அட்டவணையைப் பார்த்து, ஏனுங் மேடம், திங்கக்கெழம வண்டி லேட்டுங்களா, கேன்சலுங்களா என்றான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, காலை ரயிலில் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் தலை தெரியும், ஞாயிறன்று ஆசையாக விளக்குமாறு எடுப்பான், ஆனால் அவன் கூட்டினால் குப்பை வெளியே போகாது, இடம்தான் மாறும். பாவாத்தாளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து குனிய முடியாது, ஆகவே நின்றுகொண்டு செய்வதெல்லாம் மாமியாருக்கு, குனிந்து செய்வதெல்லாம் மருமகளுக்கு என்று யாரும் வாய் திறக்காமலே பாகப்பிரிவினை முடிந்திருந்தது.

அந்த வீட்டில் உப்புக் குறைந்தால் மன்னிப்பு உண்டு, பால் பொங்கி வழிந்தால் மன்னிப்பு உண்டு, விளக்கு வைத்த பிறகு கூட்டுவதற்கு மட்டும் கிடையாது, மகாலட்சுமியை நாமே வாரி வாசலில் கொட்டுகிற மாதிரி என்பாள் பாவாத்தாள், கோகிலவாணியின் அம்மாவும் அப்படித்தான், அதனால் அது அவள் ரத்தத்திலேயே ஊறியிருந்தது. விடியும் முன் போன் வந்து கூட்டாமல் ஓடிய நாட்களில் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும், சரக்கு வண்டிக்கு ஏது அந்த அவசரம், பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கெல்லாம் வழிவிட்டு ஒதுங்கி நிற்கும், கண்ணை மூடினால் தண்டவாளத்துக்கு நடுவே தன் வீட்டுக் கூடம் தெரியும், சுவரோரம் தலைமுடியும் தூசியும் உருண்டு கிடக்கும், திறந்தாலும் கொஞ்ச நேரம் போகாது. சிக்னல் வந்தால் உதவி ஓட்டுநர் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், ஓட்டுநர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் முறை, சங்ககிரி தாண்டி ஒரு சிக்னல் பச்சையாக எழுந்து நின்றபோது அவள் வாய் குப்பை என்றது, ஓட்டுநர் மாசிலாமணி இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் குப்பை என்று கணீரென்று திருப்பிச் சொன்னார், பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், என்னம்மா சொன்ன என்று கேட்டுவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் ஐம்பது வேகன் நிலக்கரி, முன்னால் யார் யார் உயிரோ, தன் கண் சிக்னலில் இருக்கிறது, புத்தி கூடத்தில் இருக்கிறது, இது எங்கே கொண்டுபோய் விடும்.

அந்த வாரமே எதிர்வீட்டுச் சரசக்கா வேறு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள், ஏம் புள்ள, நீ வராத நாள்ல உங்க மாமியா விளக்கும் வெக்காம, லைட்டும் போடாம இருட்டுக்குள்ளயே உக்காந்துட்டிருக்குதே, எதாச்சும் சண்டையா. சண்டை இல்லை, ஆனால் கோகிலவாணிக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தாள், வாயால் திட்டாத மாமியார் இருட்டால் திட்டுகிறாள், ஊரார் பார்க்கட்டும் என் மருமகள் லட்சணத்தை என்கிறாள். இன்ஜினில் ஏறுவதற்காக அவள் எவ்வளவு படித்தாள், எத்தனை பேர் பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்றார்கள், அத்தனையையும் விழுங்கிக்கொண்டு, ரயில் ஓட்டும் பணியிலிருந்து எழுத்து வேலைக்கு மாற்றும்படி ஒரு மனு எழுதினாள், நாளைக்குக் கொடுத்துவிடுவதாக ஆபீஸ் கிளார்க்கிடம் சொல்லியும் வைத்தாள், மனுவைப் பைக்குள் வைத்தபோது அழுகை வந்தது, அதையும் சேர்த்து வைத்து ஜிப்பைப் போட்டாள்.

அன்றைக்குப் பார்த்து வண்டியை மாவெலிபாளையம் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள், அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மணி ஏழே முக்கால், தெரு முழுக்க வெளிச்சம், இந்த வீடு மட்டும் இருட்டு, கூடத்தில் நாற்காலி மேல் பாவாத்தாள், மடியில் தீப்பெட்டி. ஏனுங் அத்த, விளக்கு வெக்கலீங்களா என்று கேட்டாள். நீ கூட்டாம எப்படி விளக்கு வெக்கறது சாமி என்றாள் பாவாத்தாள், கோகிலவாணி விளக்குமாற்றை எடுத்து, தெருவிளக்கு ஜன்னல் வழியாகக் கொடுத்த வெளிச்சத்தில் கூட்ட ஆரம்பித்தாள், கண்ணீர் குப்பையோடு சேர்ந்துகொண்டு போகிறது, லைட்டாவது போட்டிருக்கலாமுங்களே அத்த என்றாள். நல்லாச் சொன்ன போ, லைட்டப் போட்டாலும் விளக்கு வெச்ச கணக்குத்தான், அப்பறம் நீ வந்து கூட்ட முடியுமா, விளக்கு வெக்கறதுக்கு முன்னால கூட்டோணும்னுதான் எங்க மாமியா எனக்குச் சொன்னாங்க, அத எத்தன மணிக்கு வெக்கோணும்னு ஆரும் சொல்லல, அதனால நீ வர்ற வரைக்கும் நா வெக்கறதில்ல, நீ வராத ராத்திரி மட்டும் அவன் வந்து லைட்டப் போட்டுக்குவான், ஊட்டக் கூட்டாம உட்டுட்டனேன்னு நீ அங்க வண்டியில ஏங்கீட்டு இருக்கக் கூடாது பாரு.

விளக்குமாறு அவள் கையில் அப்படியே நிற்கிறது. எத்தன நாளாங்க அத்த இப்படி என்று கேட்டாள். ஆருக்குத் தெரியும், ரெண்டு மாசம் இருக்கும், இருட்டு என்ன கடிக்கவா போகுது, கொசுதான் கடிக்குது, அந்தத் திங்கக்கெழம செவ்வாக்கெழமையெல்லாம் கிழிச்சுப் போடு கண்ணு, போறப்ப ரெண்டு வேல, வர்றப்ப ரெண்டு வேல, போறப்பத் தண்ணி புடிச்சு வெச்சுட்டு அரிசிய ஊறப் போட்டுரு, வந்தாக் கூட்டு, உன்ற துணிய நனையப் போடு, மிச்சத்துக்கெல்லாம் இந்தச் சேர் இருக்குது, அதுல குமிச்சு வையி, அது எங்க போகுது என்று சொல்லிக்கொண்டே பாவாத்தாள் எழுந்து போய்த் தீக்குச்சியைக் கிழித்தாள், சுடர் நிமிர்ந்தபோது அந்தக் கால்களில் முழங்கால் வரை கொசுக்கடித் தடிப்பு தெரிந்தது, கோகிலவாணிக்கு அந்தக் காலைத் தொட வேண்டும் போலிருந்தது, மாமியாருக்கு எந்த மருமகள் நன்றி சொல்லியிருக்கிறாள், அவள் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து கீழே உட்கார்ந்து தேய்த்தாள், கூசுது உடு புள்ள என்றாளே தவிர, பாவாத்தாள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஆபீஸில் கிளார்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, எங்கம்மா, மனு கொண்டாந்தீங்களா என்று கேட்கிறார், இல்லீங் சார், மாத்தமெல்லாம் வேண்டாமுங் என்கிறாள், நேத்து வரைக்கும் பொழுது சாயறதுக்குள்ள ஊட்டுக்குப் போக முடியலைன்னு அழுதீங்களேம்மா என்கிறார் அவர், ஆமாங் சார், இப்ப எங்கூட்ல நா போனாத்தானுங் பொழுதே சாயுது என்று சொல்கிறாள், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, வருகைப் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளுகிறார், அவள் கையெழுத்துப் போடுகிறாள்.