மண்டா நட்ட இடம்

லொறியின் பின்பலகையைத் திறந்ததும் முதல் ஆளாகக் குதித்தவர் கனகசுந்தரம் மாஸ்டர்தான். திருகோணமலையிலிருந்து மூதூருக்கு மோட்டார் லோஞ்ச், அங்கிருந்து இலங்கைத்துறை மட்டும் இந்த லொறி. எலும்பு கழலக் குலுங்கி வந்த மனிசன், கலியாண வீட்டுக்கு வந்தவர் போல் முகமெல்லாம் சிரிப்பாய் நின்றார். பின்னால் பதினெட்டு ஆசிரியர்கள் குடையும் சாப்பாட்டுப் பார்சலுமாய் முனகி முனகி இறங்கினார்கள். கடைசியாக, பழைய கல்லும் எலும்பும் ஆராய்கிற கொழும்பு நூதனசாலை ஐயா, காக்கிக் காற்சட்டையும் கையில் ஒரு கொப்பியுமாய்.

"நண்டு சுகமோ, சின்னராசா?" என்றார் மாஸ்டர்.

சின்னராசா ஓம் என்பது போலவும் இல்லை என்பது போலவும் தலையை ஆட்டிவைத்தான்.

ஊருக்குத் தெற்கே கரையோரமாக ஆளுயரத்துக்கு ஒரு களிமண் மேடு உண்டு. கடல் அரித்த பக்கத்தில் பார்த்தால் சிப்பியும் சங்குமாய்ப் படைபடையாகத் தெரியும். ஒரு காலத்தில் அதுதான் கடலின் அடி என்பது மாஸ்டரின் கதை. வருசா வருசம் ஆவணி விடுமுறைக்கு ஆட்களைக் கூட்டிவந்து காட்டுவார், வழிகாட்டி சின்னராசா. உயிரோடு சிப்பி கிடக்கிற கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செத்த சிப்பியைப் பார்க்க வருகிறதுகளே, இதுகளுக்கு என்ன விசர் என்று முதல் இரண்டு வருசமும் அவன் வீட்டில் சொல்லிச் சிரித்ததுண்டு. மூன்றாம் வருசம் அந்த விசர் அவனுக்கும் தொற்றிவிட்டது. வலை காயப்போட்ட நேரமெல்லாம் மேட்டில்தான் கிடந்தான்.

அந்த அறுபத்தைந்தாம் ஆண்டு பங்குனியில் நண்டைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். கல்லாய்ப் போன நண்டு. கொடுக்கு மடித்து, கால் ஒன்று குறையாமல், நித்திரை கொள்வது போல் கிடந்தது. தகவல் போய் ஓடிவந்த மாஸ்டர் மண்ணில் குப்புறப் படுத்து அதைப் பார்த்தார். பத்து வருசமாய்த் தேடினனான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். பெயர்த்தெடுக்க வேண்டாம், கிடந்த இடத்திலேயே நூதனசாலை ஐயா பார்க்கவேண்டும், ஆவணிக்குக் கூட்டிவருகிறேன், அதுவரைக்கும் உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொறுப்பு என்றால் சும்மாவா? சுண்ணாம்புச் சூளைக்குச் சிப்பி கிண்டுகிறவர்கள் அலவாங்கோடு திரிகிற இடம் அது. சின்னராசா நண்டைக் களிமண்ணால் மூடினான். அடையாளத்துக்கு என்ன நடலாம் என்று பார்த்தபோது, திருக்கை குத்தப் போய்ப் பிடி முறிந்த மூன்று முனை மண்டா ஒன்று வீட்டுக் கூரையில் செருகிக் கிடந்தது. முறிந்த பிடி கூராய் இருந்ததால் அதை மண்ணில் இறக்கினான். மீன் குத்தும் முனை மூன்றும் வானத்தைப் பார்த்தன. தூரத்திலேயே தெரியட்டும் என்று மனிசி தங்கரத்தினத்தின் பழஞ்சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினான். சிவப்புக் கரை.

மூன்று முனை, சிவப்புத் துணி. அட மடையா, அது ஊர்க்கண்ணுக்கு என்னவாய்த் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தானா? பத்தாம் நாள் மண்டாவின் அடியில் செவ்வரத்தம்பூ கிடந்தது. அடுத்த வெள்ளி கற்பூரம். மேட்டில் வைரவர் சூலம் எழும்பியிருக்கிறதாம் என்று ஊர் கதைத்தது. சிப்பி கிண்டுகிறவர்கள் கும்பிட்டுவிட்டு அலவாங்கோடு மேட்டின் மறுபக்கத்துக்குப் போனார்கள். காவல் இவ்வளவு மலிவாகக் கிடைத்ததே என்று சின்னராசாவும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

பாக்கியரத்தினம் அங்கே விளக்கு வைக்கத் தொடங்கும் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு. அடுத்த வளவுக்காரி. போன மார்கழிப் புயலன்று வள்ளத்தைக் கரையேற்றப் போன அவள் புருசன் குணரத்தினம் திரும்பவில்லை. வள்ளமும் இல்லை, உடம்பும் இல்லை. உடம்பு இல்லாமல் என்ன செத்தவீடு, என்ன எட்டுச் சடங்கு? பொட்டை வைக்கவும் ஏலாமல் அழிக்கவும் ஏலாமல் நாலு மாதம் வாய் திறக்காமல் கிடந்தாள் அந்தப் பிள்ளை. தங்கரத்தினம்தான் சோறு தீத்திவிட்டவள். அப்படிக் கிடந்தவள் ஒருநாள் பின்னேரம் தானாக எழும்பி மேட்டுக்கு நடந்து போய் ஒரு சிட்டி விளக்கைக் கொளுத்திவைத்தாள். மறுநாள் கிணற்றடிக்கு வந்து தங்கரத்தினத்திடம் வாளி கேட்டாள். நாலு மாதத்தில் அதுதான் முதல் கதை.

அன்றைக்கே தங்கரத்தினம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள், அந்த இடத்தைத் தொட்டால் வீட்டுப்படி ஏறவேண்டாம் என்று. மாஸ்டருக்கு ஒரு கடிதமாவது போட்டிருக்கலாம். நாளைக்குப் போடுவம், நாளைக்குப் போடுவம் என்றிருக்க ஆவணியும் வந்தது, லொறியும் வந்தது.

மேட்டுக்குப் போகிற வழியில் சின்னராசா கண்ட சங்குக்கெல்லாம் நின்று நின்று கதை சொன்னான். பாவம், எவ்வளவு நேரம்தான் இழுப்பான்? மேட்டின் வளைவு திரும்பியதும் மண்டா தெரிந்தது. அடியில் விளக்கு எரிந்தது. பின்னேரம் மட்டும் வருகிற பாக்கியரத்தினம், லொறிச் சத்தம் கேட்டோ என்னவோ, அன்றைக்கு வெள்ளென வந்து பக்கத்தில் குந்தியிருந்தாள்.

மாஸ்டர் விளக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு சின்னராசாவைப் பார்த்தார்.

"கடல் அரிச்சுப்போட்டுது, மாஸ்டர்" என்றான் அவன், நிலத்தைப் பார்த்தபடி. "நண்டும் அதோட போயிட்டுது."

கரை இடிந்த அடையாளம் ஒன்றும் இல்லை. பத்து வருசம் அந்தக் கரையைப் படித்த மனிசனுக்கு அது தெரியாதா? மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் வெகுநேரம் துடைத்தார். நூதனசாலை ஐயாவிடம் இங்கிலீசில் ஏதோ மெல்லச் சொல்ல, அவர் கொப்பியை மூடினார். பிறகு ஆசிரியர்களிடம், இது ஊர்ச்சனம் கும்பிடுகிற இடம், ஒருவரும் மிதிக்கவேண்டாம் என்று சொல்லி மறுபக்கத்தால் கூட்டிக்கொண்டு போனார். ஏசியிருந்தால்கூடச் சின்னராசாவுக்குத் தாங்கியிருக்கும். மத்தியானம் மாஸ்டரின் பார்சல் அவிழ்க்காமலே கிடந்ததைப் பார்த்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

பின்னேர லோஞ்சைப் பிடிக்கவேண்டுமென்று எல்லோரும் லொறிக்கு நடந்தார்கள். யாரோ ஒரு ரீச்சர் மேட்டடியில் விட்ட குடையை எடுக்கச் சின்னராசா திரும்பி வந்தான். பாக்கியரத்தினம் இன்னும் அங்கேயேதான் இருந்தாள்.

"ஏன் அண்ணை மாஸ்டருக்குப் பொய் சொன்னனீங்கள்?"

அவன் குடையில் ஒட்டிய மணலைத் தட்டினான்.

"இது உங்கட மண்டா. எனக்கு முதல் நாளே தெரியும். திருக்கை குத்தப் போறன் எண்டு இரவல் வாங்கிக்கொண்டு போய் முறிச்சவர் என்ர அவர்தானே. நீங்கள் ஒரு கிழமை அவரோட கதைக்கேல்ல."

அந்த ஒரு கிழமையை இப்போது எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது?

"வைரவர் எண்டு ஊர் சொன்னாச் சொல்லட்டும்" என்றாள். "என்ர மனிசனுக்கு ஒரு விளக்கு வைக்க இடம் வேணும். கடலில வைக்க ஏலாதே." மண்டாவின் அடி மண்ணைத் தொட்டு, "கீழ என்ன கிடக்கு?" என்று கேட்டாள்.

நண்டு என்றான். கடலுக்கடியில் செத்து மண்ணுக்குள் கல்லானது, மனிசர் பிறக்க முந்தின காலத்து நண்டு என்று மாஸ்டர் சொன்னதைச் சொன்னான்.

"முழுசாவோ?"

"ஓம் பிள்ளை. ஒரு கால்கூடக் குறையேல்ல."

அவள் விளக்கை இரண்டு கையாலும் தூக்கினாள். மண்டாவின் மற்றப் பக்கம், ஒரு முழம் தள்ளி, பார்த்துப் பார்த்து வைத்தாள்.

"முழுசாக் கிடைச்சதை ஏன் அண்ணை மூடி வைக்கவேணும்? ஓடிப்போய் மாஸ்டரைக் கூப்பிடுங்கோ."

அப்பால் லொறி ஹோர்ன் அடித்தது. குடையை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு, "மாஸ்டர், மாஸ்டர்" என்று கூப்பிட்டபடி சின்னராசா மணலில் கால் புதையப் புதைய ஓடினான். வளைவில் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். கடற்காற்று படாமல் ஒரு கையால் விளக்கை மறைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவள் களிமண்ணை மெல்ல மெல்ல வழித்துக்கொண்டிருந்தாள்.