வீரபத்திரன் அடித்த காது

"சேர், ஒண்டு கேட்டா கோவிக்க மாட்டீங்க தானே? நீங்க ஏன் கடவுள் இல்லண்டு சொல்றீங்க?"

கேட்டவர் கணிதம் கற்பிக்கும் ரிஃப்னா டீச்சர். இடைவேளை நேரம். ஆசிரியர் அறையில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் பதில் தயார். மாணவர்கள் கேட்டால் விஞ்ஞானம் பேசுவேன். தொழிற்சங்கத்துக்காரர்கள் கேட்டால், இருநூறு வருடம் கும்பிட்டும் நாம் குடியிருக்கும் ஒற்றை அறை லயம் லயமாகவே இருக்கிறதே என்பேன். டீச்சருக்கு மண்சரிவைச் சொன்னேன். தூங்குகிற குழந்தைகள் மேல் மலையைச் சரியவிடுகிறவனை எப்படிக் கும்பிடுவது? அவர் தலையசைத்தார்.

நான் சொல்வது எதுவும் பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அந்தக் காரணமே பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டது.

"காத்தமுத்து சேரப் பாக்கணும்" என்று என் பெயரைக் காவலாளியிடம் சொல்லிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார் எங்கள் ஊர்ச் சின்னத்தம்பி.

இருபது வருடத்துக்கு முன் வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடிய விடியக் காமன் கூத்து. வீரபத்திரன் வேடம் எனக்கு. அந்த வேடம் கட்டுகிறவன் மேல் சாமி இறங்கும். இடுப்பில் கயிறு கட்டி நாலு பேர் இழுத்துப் பிடிக்க வேண்டும். நானும் நம்பினேன். கையில் காப்புக் கட்டி, ஒரு வேளைச் சோறு, தனிப் பாய் என்று ஒழுங்காக விரதம் இருந்தேன்.

விடிகிற நேரம் தப்பு முழங்கியது. காத்திருந்தேன். சாமி வரவில்லை. தோட்டமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா கைகூப்பி நின்றாள். வேறு வழியில்லாமல் உடம்பை உதறினேன். வேகமாக ஆடினால் வந்துவிடும் என்று ஆடினேன். எவ்வளவு ஆடியும் உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன்.

கயிற்றைப் பிடித்திருந்தவர்களில் சின்னத்தம்பியும் ஒருவர். முந்தின வாரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், உயர்தரப் பரீட்சையில் தவறியிருந்த என்னைக் கண்டதும், "ஏலெவல் பெயில் தொரை வர்றாரு, உக்கார கதிர போடுங்கடி!" என்று கத்தியவர். அத்தனை பெண்களும் சிரித்தார்கள்.

மரக் கத்தியைச் சுழற்றி அவருடைய இடது காதோடு சேர்த்து ஓங்கி அடித்தேன். குறி பார்த்துத்தான் அடித்தேன்.

எழுந்து வந்து என்னை மிதிப்பார் என்று பயந்தேன். அவரோ ரத்தம் ஒழுக மண்டியிட்டார். "குத்தந்தான் சாமி! காப்புக் கட்டிக்கிட்டு முந்தாநேத்து சாராயம் குடிச்சேன் சாமி!" என்று அலறினார்.

கூட்டம் நடுங்கிப்போனது. பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவைச் சத்தத்துக்கு நடுவில்தான் நான் நாத்திகன் ஆனேன். அவருக்கு அதன்பின் இடது காது கேட்கவில்லை.

இப்போது, வாசலுக்கு வந்த என் பக்கம் வலது காதைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"எம் மக வினோதாவோட புள்ளைக்கு ரெண்டு வயசாகுது தம்பி. கூப்பிட்டா திரும்பல. நுவரெலியாவுல காது கிளினிக்குக்கு திகதி குடுத்திருக்காங்க. நாந்தான் வேணாம்னுட்டேன்."

"ஏண்ணே?"

"என்னய அடிச்ச சாமிக்கு இன்னும் கோவம் அடங்கல. பேத்தி வரைக்கும் வந்திருச்சு. டாக்டரு என்னா பண்ணுவாரு? உங்க மேலதானே எறங்குச்சு. உங்க கையால துண்ணூறு பூசி, மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

"அண்ணே... அன்னைக்கு சாமி வரல. நாந்தான் அடிச்சேன். வேணும்னே அடிச்சேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தார்.

"சாமி வந்தவனுக்கு நடந்தது எப்பிடி தம்பி ஞாபகம் இருக்கும்? சரி, நான் குடிச்சது உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மடுவத்தையும் அந்தச் சிரிப்பையும் ஞாபகப்படுத்தியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை போதும், அவருக்குப் புரிந்திருக்கும். சொல்லவில்லை. அவர் நம்பாதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

"கிளினிக்கு எப்போ?"

"நாளான்னிக்கு."

பொட்டலத்தை வாங்கிப் பிரித்தேன். அவருடைய நெற்றியில் திருநீற்றைப் பூசினேன். இருபது வருடமாக மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்த குரல் தானாகவே வந்தது.

"மன்னிச்சேன். புள்ளைய கிளினிக்குக்குக் கொண்டு போ. திகதி தவறக் கூடாது. என் உத்தரவு!"

ஈரச் சிமெந்துத் தரையில் சின்னத்தம்பி என் காலில் விழுந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். தூக்கியிருக்க வேண்டும். வீரபத்திரன் யாரையும் தூக்க மாட்டான் என்பதால் அசையாமல் நின்றேன். எழுந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஏன் குடிச்சோம், ஏன் குடிச்சோம்னு அழுவாத நாளில்ல தம்பி" என்றார். வாசலைத் தாண்டியும் ஒருமுறை திரும்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆசிரியர் அறைக்குத் திரும்பினேன். ரிஃப்னா டீச்சர் என் பிளேன்டீயை மூடி வைத்திருந்தார்.

"யார் சேர் அது? கையில என்ன வெள்ளையா?"

"சோக்குத் தூள், டீச்சர்" என்று கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.