ஒரு பக்கம் சாய்ந்த வகுப்பு

"இப்படி ஓடினா எப்படிம்மா? கொஞ்சம் மெதுவா நடயேன், பேசிக்கிட்டே போகலாம்."

"உங்க வேகத்துல நடந்தா அதுக்குப் பேரு நடைப்பயிற்சி இல்லைங்க, வாடகைக்கு வீடு பார்க்கப் போறது. நீங்க பேசாம ஸ்கூட்டர்லயே வந்துடுங்க."

மூன்று வருடத்துக்கு முந்தைய பேச்சு இது. சொன்னவள் மறந்துவிடுவதும் கேட்டவர் மனசில் வைத்துக்கொள்வதும்தான் பொதுவாக நடப்பது. இந்த வீட்டில் எல்லாமே தலைகீழ். கணவர் மறுநாளே ஸ்கூட்டரைத் துடைத்து எடுத்து, சந்தோஷமாக மறந்தும் போனார். அவளுக்குத்தான் அந்த வார்த்தை தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அதுவும் வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்த பிறகு.

கல்லூரியில் 'வாழ்நாள் உடல்நலம்' என்ற பாடத்துக்கு அவள் ஆசிரியை. துள்ளித் துள்ளி நடப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்பிரிங் மேடம். முதுமையிலும் நோய் நொடி இல்லாமல் இருப்பது எப்படி என்று, முதுமை என்பது அடுத்த வீட்டுக்காரருக்கு மட்டும் வருவது என்று நம்பும் பதினெட்டு வயதுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். விடிய விடியப் போனை நோண்டிவிட்டு வந்து, நல்ல தூக்கத்தின் அருமையைப் பற்றிய வகுப்பில், அந்த அருமையைக் கடைசி பெஞ்சில் செய்முறையாகவே விளக்குவார்கள்.

கணவர் அதே கல்லூரியில் கேன்டீன் நடத்துகிறார். எண்ணெயில் பொரித்ததெல்லாம் எமன் என்று அவள் வகுப்பில் கரடியாய்க் கத்துவாள். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் அந்த எமனைத் தட்டில் வாங்கி, மேலே சாஸும் ஊற்றிக்கொள்வார்கள்.

"உன் கிளாஸ் இருக்கற அன்னைக்குத்தான்மா எனக்கு வியாபாரம். நீ வேண்டாங்கறதை என்ன ருசியா வேண்டாங்கறியோ!" என்பார் அவர்.

முழங்கால் விஷயம் ஒருவருக்கும் தெரியாது. கல்லூரி வாசல் வரை அவள் துள்ளித்தான் நடப்பாள். தெருமுனை திரும்பியதும் கண்ட சுவரையெல்லாம் பிடித்துக்கொண்டு நொண்டுவாள். வீட்டில் சுவரைப் பிடித்தால் "ஸ்ட்ரெச்சிங்" என்பாள். ஸ்ட்ரெச்சிங் என்றால் என்னவென்று கணவருக்குத் தெரியாதது பெரிய வசதி.

மருத்துவரிடம் திருட்டுத்தனமாகப் போய் வந்தாகிவிட்டது. துள்ளலை நிறுத்திவிட்டுத் தினமும் மெதுவாக நடக்க வேண்டும் என்றார் அவர். மெதுவாக நடக்கத் துணை வேண்டும். துணை, கைக்கெட்டும் தூரத்தில், அதே மேஜையில்தான் சாப்பிடுகிறது. 'சாயங்காலம் என் கூட நடந்து வாங்க' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். மெதுவாக நடந்த மனுஷனைக் கிண்டலடித்துத் துரத்திய வாயால் அதை எப்படிக் கேட்பது? எத்தனையோ மாலைகளில் அந்த வார்த்தை வாய் வரை வந்து, "தண்ணி வேணுமா?" என்று மாறிப் போனது. உதவி கேட்கத் தயங்காதிருப்பது மனநலத்தின் முதல் படி என்று அவள் பாடத்தில் வருகிறது. எழுதியதும் அவளேதான்.

ஆண்டு முடிவில் செய்முறைத் தேர்வு வந்தது. வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளர் அம்மா ஒருவர் வந்து, அரங்கத்தில் காலாட்டியபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தேநீர் கொண்டுவந்த கேன்டீன்காரர் தட்டோடு வாசலில் நின்றார்.

"ஸ்குவாட்!" என்று விசில் ஊதினாள் ஆசிரியை.

வகுப்பு மொத்தமும் குந்தியது. மொத்தமும் இடது பக்கம் சாய்ந்தது. எல்லோரும் ஒரு கையால் வலது தொடையைத் தாங்கி, முகத்தைச் சுளித்து, ஒரே குரலில் "ஸ்ஸ்ஸ்... ஆ" என்றபடி எழுந்தார்கள். வருடம் முழுக்கத் தூங்கியதாக அவள் நினைத்த கடைசி பெஞ்சு உட்பட ஒருத்தர்கூடப் பிசகவில்லை.

அவளுக்குக் காது மடல் சுட்டது.

"இந்தச் சத்தம் எதுக்குப்பா?" என்றார் தேர்வாளர்.

முன்வரிசை மாணவி நெஞ்சை நிமிர்த்தினாள். "மூச்சுப் பயிற்சி மேடம். எந்திரிக்கும்போது உள்ள இருக்கற வலியை வெளிய விடணும். எங்க மேடம் தினமும் அப்படித்தான் செய்வாங்க."

"அந்தச் சாய்வு?"

"அதுவும் மேடம் ஸ்டைல்தான். முதல்ல இடுப்பு பிடிச்சுக்கிச்சு. இப்ப எங்களுக்கு நேரா உக்காரவே வரமாட்டேங்குது மேடம்."

"பிரமாதம்! நான் எந்தப் புத்தகத்துலயும் பார்த்ததில்ல," என்றார் தேர்வாளர். அது மட்டும் முழு உண்மை. "எங்க காலேஜுக்கும் வந்து ஒரு முகாம் நடத்திக் குடுங்க."

பிள்ளைகள் கைதட்டினார்கள். வாசலில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கணவர் வகுப்பைப் பார்த்தார். பிறகு அவள் முழங்காலைப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிற மனுஷன், இதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் கல்லூரி வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்தார்.

"எவ்வளவு நாளா?"

"என்னது?"

"அந்த ஸ்ஸ்ஸ்."

"அது மூச்சுப் பயிற்சிங்க."

"தேர்வாளர் நம்பலாம். அவங்க படிச்சவங்க." அவர் குரல் இறங்கியது. "எங்கிட்ட ஏம்மா சொல்லல? டாக்டரைப் பார்த்தியா, இல்லையா?"

"பார்த்தேன். தினமும் மெதுவா நடக்கச் சொன்னார்."

"நடக்க வேண்டியதுதானே?"

"ஸ்பிரிங் மேடம் தனியா ஆமை மாதிரி நடந்தா பிள்ளைங்க என்ன நினைக்கும்? கூட யாராவது இருந்தா, பேசிக்கிட்டே போறதால மெதுவாப் போற மாதிரி இருக்கும்."

"யாராவதுன்னா? வாட்ச்மேனைக் கூப்பிடவா?"

முறைத்தாள். அவர் முகத்தில் கிண்டல் ஒரு ஓரமாகத்தான் இருந்தது. மீதி முகம் முழுக்கக் காத்திருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்க அங்கே குடம்கூட இல்லை.

"என்னங்க," என்றாள். "ஸ்கூட்டரை இங்கயே விட்டுட்டு, என் கூட மெதுவா நடந்து வாங்களேன். இன்னைக்கு மட்டும் இல்ல, தினமும்."