பாட்டுக்குப் பின்னால் ஓர் அழுகை

துணி ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கிய பதினோராம் நாள், பாட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பத்தாறு வருஷமாக எங்கே ஆலைக் கதவை அடைத்தாலும், எங்கே குடிசையைப் பிரித்தாலும், போய் நின்று பாடியவள். இரண்டு முறை சிறைக்குப் போனவள். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் என்பதால் ‘வெண்கலத் தொண்டை’ என்று பட்டப்பெயர். எழுபத்திரண்டு வயதில் அந்தத் தொண்டை இரண்டு பாட்டுக்கு மேல் தாங்குவதில்லை.

சங்கச் செயலாளர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “உக்காருங்கம்மா. உங்க பழைய பாட்டையே போட்டுடறோம். எதுக்குச் சிரமம்?”

“உயிரோட உக்கார வெச்சே நினைவஞ்சலி நடத்துறீங்களாப்பா?”

அவர் சிரித்தபடி பொத்தானை அமுக்கினார்.

அவளுடைய முப்பது வயதுக் குரல் ஒலிபெருக்கியில் எழுந்தது. கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. நாற்காலிப் பக்கம் யாரும் திரும்பவில்லை. இரண்டாவது அடி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில், பதிவில் பாட்டுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது.

அவள் ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பினாள். மகள்தான். அப்போது மூன்று வயது. மேடைக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்துவிட்டுப் பாடினாள். அன்று அந்த அழுகை அவள் காதில் விழவே இல்லை; பிறகும் அந்தப் பதிவை அவள் போட்டுக் கேட்டதில்லை. அடுத்த மாதம் சிறைக்குப் போகும்போது பிள்ளையைத் தங்கையிடம் விட்டாள். திரும்பி வந்து கூப்பிட்டபோது, பிள்ளை தங்கையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பிறகு அங்கேயே வளர்ந்தது.

ஓரமாகப் போய் மகளுக்குப் போன் செய்தாள்.

“சொல்லும்மா. வேலையில இருக்கேன்.”

“பழைய பாட்டு போட்டாங்க. அதுல நீ அழுவுற.”

“தெரியும். சின்ன வயசுல கேசட்ல கேட்டிருக்கேன். அந்த இடம் வந்தா சித்தி நிறுத்திடுவாங்க.”

“நீ சொல்லவே இல்லையே.”

“நீ கேக்கலையேம்மா.” குரலில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது. “வெயில்ல நிக்காத. வெச்சிடறேன்.”

திரும்பி வந்து, அடுத்த பாட்டைத் தானே பாடினாள். பாதியில் குரல் உடைந்தது. முன்வரிசைப் பெண்கள் அடியை எடுத்துக்கொண்டார்கள். அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டாள்; பாட்டு நிற்கவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் கோரிக்கைகளை ஒப்புக்கொண்டு ஆலையைத் திறந்துவிட்டார்கள். “ஜெயிச்சுட்டோம்மா” என்று செயலாளர் போனில் சொன்னார். அதை யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அந்த வாரமே வேறோர் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. பையில் மாற்றுத்துணியைத் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.